குழுக் கடன் தவணை தவறினால் இரவில் வந்து திண்ணையில் உட்காரலாமா?

ஆத்தங்குடிவாசி:
எங்கள் தெருவில் தரைக்கல் பட்டறையில் வேலை செய்யும் ஓர் அக்கா, பத்துப் பேர் கொண்ட மகளிர் குழுவில் சேர்ந்து கடன் வாங்கியிருக்கிறார். ஐப்பசி மழையில் கல் காயாததால் பட்டறை ஓடவில்லை; மூன்று வாரத் தவணை நின்றுபோனது. நான்காம் வாரம் இரவு ஏழரை மணிக்கு வசூலுக்கு வந்த தம்பி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, மற்ற ஒன்பது பெண்களையும் கைபேசியில் அழைத்து வரவழைத்தார். "இவங்க கட்டாட்டி உங்க யாருக்கும் அடுத்த கடன் கிடையாது" என்று அவர் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். மிச்சத்தையெல்லாம் அந்தப் பெண்களே பேசிவிட்டார்கள். பத்து மணி வரை தெருவே வேடிக்கை பார்த்தது. இதற்குப் பெயர் வசூலா?

தேவகோட்டை முன்னாள் வசூலர்:
இந்த வேலையை ஆறு ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நகையும் பத்திரமும் கேட்காமல் கொடுக்கப்படும் இந்தக் கடனில் குழுவின் வாக்குறுதி ஒன்றுதான் ஈடு. பத்துப் பேரும் அறிந்தேதான் கையெழுத்திட்டார்கள். குழுவினர் கூடித் தவணை கட்டும் சென்டர் கூட்டத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறை வராதவரின் வீட்டுக்கே போய் வசூலிக்கலாம் என்று 2022 மார்ச்சில் வந்த ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. மூன்று வாரம் தவறியவர் வீட்டுக்குப் போனதில் என்ன பிழை? இந்தக் கடனும் இல்லையென்றால் அந்த அக்கா மீட்டர் வட்டிக்காரரிடம்தான் போய் நின்றிருப்பார்.

சிவகங்கை வழக்கறிஞர்:
வீட்டுக்குப் போகலாம் என்பது சரிதான். ஆனால் நண்பர் அந்த விதியில் பாதியை மட்டும் படித்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் கடனாளியை அழைப்பது, உறவினரையும் நண்பர்களையும் உடன் வேலை செய்வோரையும் தொந்தரவு செய்வது, கடனாளியின் பெயரை வெளியிடுவது, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று தவறாகச் சொல்லிப் பயமுறுத்துவது ஆகிய அனைத்தையும் அதே விதி கடுமையான வசூல் முறைகள் என்று தடுக்கிறது. (காலை எட்டு முதல் மாலை ஏழு என்று பலர் சொல்வது, 2022 ஆகஸ்டில் மற்றக் கடன்களுக்கு வந்த சுற்றறிக்கை.) வசூலை வெளியாளிடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு நிறுவனத்தையே சேரும். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மேற்படாத குடும்பம், தன் எல்லாக் கடன்களுக்குமாகச் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அக்காவுக்கு இன்னும் எத்தனை கடன்கள் என்று, தவணை பதியும் கடன் அட்டைகளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் பெரியவர்:
எங்கள் ஐயா பர்மாவில், ரங்கூனில் இருந்த செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டித் தொழில் நடந்த இடத்தில், அடுத்தாளாக (முகவருக்கு உதவியாளராக) இருந்தவர். கொடுத்ததும் வாங்கியதும் பேரேட்டில் இருக்கும். கடன்பட்டவன் வீட்டு வாசலில் நின்று கத்தியதாக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு மரியாதை இருந்தது.

ஆத்தங்குடிவாசி:
பெரியவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நிலம் ஈடாக இருந்தவருக்குக் கத்த வேண்டிய தேவை இருந்திருக்காது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன்கள் வராமல் போனபின், 1938ல் அது 25 விழுக்காடானது. நம்மவர்கள் விரும்பிக் கேட்டது நிலத்தை அல்ல, பணத்தைத்தான் என்பதும் உண்மை. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயியிடம் மரியாதையைப் பற்றிக் கேட்டால் அவர் வேறு கதை சொல்லியிருப்பார்.

தேவகோட்டை முன்னாள் வசூலர்:
பர்மாவை விட்டு ஆத்தங்குடிக்கு வருவோம். கூலி வேலைக்குப் போகும் பெண் ஒன்பதிலிருந்து ஆறு வரை வீட்டில் இருப்பதில்லை. பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பினால் மேலாளர் என் சம்பளத்தில் கை வைப்பார். விதி எழுதியவர்களுக்கு இது தெரியுமா? மற்ற ஒன்பது பேரின் கோபமும் பொய்யில்லை. இவருடைய பங்கையும் சேர்த்து அவர்கள்தானே கட்டினார்கள்!

சிவகங்கை வழக்கறிஞர்:
நியாயமான சங்கடம்தான். அதற்காகத்தான் நிறுவனமும் கடனாளியும் பேசி முடிவு செய்த இடத்தில் வசூலிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளிலோ பட்டறை வாசலிலோ வாங்கிக்கொள்ளலாம். மேலாளருக்குப் பயந்து ஊரைக் கூட்டுவதற்கு அது அனுமதி ஆகாது. அக்கா முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. மிரட்டல் இருந்தால் நேரே காவல் நிலையம்தான். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இவற்றால் கடன் தள்ளுபடி ஆகிவிடாது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆத்தங்குடிவாசி:
அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். இது தவிர வேறு இரண்டு நிறுவனங்களிலும் அவருக்குக் கடன் இருக்கிறது. இன்னொன்று, அன்றிரவு பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கி 700 ரூபாயை அந்தத் தம்பி கையில் கொடுத்ததாக அக்கா சொல்கிறார். குழுக் கடன் அட்டையில் அந்த வாரத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

தேவகோட்டை முன்னாள் வசூலர்:
அப்படியானால் நான் இதுவரை பேசியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாங்கிய பணத்தை அட்டையில் பதியாமல் நான் ஒரு வாசலையும் தாண்டியதில்லை. நாளைக் காலையிலேயே அட்டையோடு கிளை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அந்தத் தம்பியிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். அன்று திண்ணையில் நின்று ஏசிய ஒன்பது பேரில் இரண்டு பேரையாவது உடன் அழைத்துப் போகட்டும். பணம் கை மாறியதைப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.