புரவலர் கடனைத் திருப்பிக் கேட்கும்போது

கேள்வி:

ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நான் நடத்துகிறேன். அதில், மூன்றாம் நிலையில் சாகக் கிடந்த வார்லாக் (புரவலர் ஒருவரோடு ஒப்பந்தம் செய்து மந்திர ஆற்றல் பெறுபவர்) பாத்திரம் ஒன்று, "பின்னர் நீர் கேட்பதைச் செய்கிறேன்" என்று தன் புரவலரான நரகப் பிரபுவிடம் வாக்களித்து உயிர் பிழைத்தது. இப்போது அது எட்டாம் நிலையை எட்டியுள்ளது. குழுவுக்குத் துணை நிற்கும் மடாலயத் தலைவரைக் கொல்லுமாறு பிரபு கேட்கப்போகிறார். ஆட்டக்காரர் மறுத்தால், வார்லாக்கின் மந்திர ஆற்றலைப் பறித்துவிடலாமா? 2014ஆம் ஆண்டு விதிநூலில் இதற்கென வழிமுறை ஏதும் எனக்குத் தென்படவில்லை.

மறுமொழி 1:

பறிக்க வேண்டாம். வார்லாக்கிடம் இருப்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தின் வழியே வந்தவை என்பதால், அவற்றைப் பிடுங்கினால் ஓர் ஆட்டக்காரர் மட்டும் வெறுங்கையுடன் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் வழக்கம்போல் ஆடிக்கொண்டிருப்பார்கள். கடன் கொடுத்தவரின் பக்கமிருந்து பார்த்தாலும் இது மட்டமான வியாபாரம். ஈட்டை எரித்துவிட்டால் பிறகு எதைக் காட்டி மிரட்டுவது?

கொலையைக் கேட்பதும் எனக்கு உவப்பாக இல்லை, ஏனெனில் அதற்கு 'முடியாது' என்ற ஒரே விடைதான் வரும். மடாலயத்தின் நிலவறைக் கதவை ஓரிரவு மட்டும் தாழிடாமல் விடச் சொல்லுங்கள். செயல் சிறியது, விளைவு தெரியாதது. 'இதில் என்ன வந்துவிடப்போகிறது' என்று ஆட்டக்காரர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது. அப்போதும் மறுத்தால், பிரபு அந்தக் கடன்பத்திரத்தைப் பொறுமை குறைந்த வேறொருவருக்கு விற்றுவிடட்டும். ஆற்றல் குறையாது, வாசலில் நிற்கும் ஆள்தான் மாறுவார்.

மறுமொழி 2:

பிற ஆட்டங்கள் இதற்கு விதியே வகுத்துள்ளன. டன்ஜன் வேர்ல்டில் சாகும் பாத்திரத்துக்காக இரண்டு பகடைகளை உருட்டும்போது 7 முதல் 9 வரை விழுந்தால், மரணமே ஒரு பேரத்தை முன்வைக்கும். விலையைக் கேட்டறிந்த பின்னரே ஆட்டக்காரர் ஏற்கவோ மறுக்கவோ செய்கிறார். உங்கள் வார்லாக்கோ விலை தெரியாமலே கையெழுத்திட்டிருக்கிறது. அர்பன் ஷேடோஸில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது எழுதியே வைக்கப்படுகிறது. கடனைத் தீர்க்க மறுப்பதற்கும் பகடை உருட்ட வேண்டும், அதில் வென்றாலும் அந்தக் கோரிக்கையிலிருந்து தப்பலாமே தவிர, கடன் அப்படியே நிற்கும். இதை நீங்கள் தயங்காமல் எடுத்தாளலாம்: பாத்திரத் தாளில் 'பிரபுவுக்கு ஒரு கடன்' என்று இன்றே எழுதச் செய்யுங்கள்.

மறுமொழி 3:

அதற்கு முன், ஆட்டத்துக்கு வெளியே அந்த ஆட்டக்காரரிடம் பேசிவிடுங்கள். நண்பரைக் காட்டிக்கொடுக்கும் கதை அவருக்குச் சம்மதமா என்பதைக் கேட்டறிவதால் சுவை கெட்டுவிடாது; எப்போது, எந்த உருவில் கோரிக்கை வரும் என்பதை மட்டும் மறைத்து வைத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. அவரிடம் பேசிவிட்டு, நிலவறைக் கதவையே கோரிக்கையாக வைக்கிறேன். ஓர் ஐயம்: குழுவின் மற்றவர்கள் இக்கடனில் பங்கேற்க முன்வந்தால் பிரபு ஒப்புவாரா?

மறுமொழி 1:

மகிழ்ச்சியோடு ஒப்புவார்; அசலைப் பங்கிடாமல், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒரு வாக்குறுதி எழுதி வாங்கிக்கொள்வார்.