அம்மாவுக்கு மருத்துவ மரிவானா அட்டை: மாநிலத் தளம் பெயர் பொருந்தவில்லை என்கிறது (பென்சில்வேனியா)

எக்ஸ்டன் மகள் | 2023 அக்டோபர் 14

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 67. மார்பகப் புற்றுநோய். ஆறு சுற்று கீமோவில் மூன்று முடிந்திருக்கிறது. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு சாப்பாட்டு வாசனையே ஆகவில்லை. அடுப்படியில் கடுகு வெடிக்கும் ஓசை கேட்டாலே எழுந்து குளியலறைக்குப் போய்விடுகிறார். ஆன்டான்செட்ரான் மாத்திரையால் வாந்தி குறைந்தது; குமட்டல் போகவில்லை. 58 கிலோ இருந்தவர் இப்போது 51 கிலோ.

போன வாரம் கீமோ அறையில் பக்கத்து நாற்காலியில் இருந்த அமெரிக்கப் பெண்மணி, மருத்துவ மரிவானா, அதாவது மருந்தாகத் தரும் கஞ்சா, தொடங்கிய பிறகுதான் தம்மால் சாப்பிட முடிந்தது என்று சொன்னார். அன்றிரவே மாநிலச் சுகாதாரத் துறையின் தளத்தில் அம்மாவுக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். அடையாள அட்டை எண்ணைக் கொடுத்ததும் விவரங்கள் பொருந்தவில்லை என்று நின்றுவிடுகிறது. நான்கு முறை முயன்றுவிட்டேன். அம்மா கார் ஓட்டுவதில்லை. மாநிலப் போக்குவரத்துத் துறை தந்த புகைப்பட அடையாள அட்டைதான் இருக்கிறது. ஆகஸ்ட் வரை தம்பி வீட்டில் இருந்தார், இப்போது என்னோடு இருக்கிறார்.

இன்னொன்று. நான் பகலில் அலுவலகம் போய்விடுவேன். தம்பி வீட்டிலிருந்து வேலை செய்கிறான், எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறான். அவனைப் பராமரிப்பாளராகப் பதிவு செய்தால் டிஸ்பென்சரிக்கு (மரிவானா விற்க மாநில அனுமதி பெற்ற கடை) போய் அவனே வாங்கி வரலாம் என்று படித்தேன். செய்யலாமா?

அம்மாவிடம் 'கஞ்சா' என்ற சொல்லை இன்னும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒற்றைப் பெயர் | அக்டோபர் 14

சகோதரி, அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறதா? இருந்தால் இது நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் படும் பாடுதான். அப்பா பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு இங்குள்ள படிவங்களில் இடமே இல்லை. அம்மாவின் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. ('முதல் பெயர் தெரியவில்லை') என்று மூன்று எழுத்தைப் போட்டு கிரீன் கார்டு வந்திருக்கும். மாநில அடையாள அட்டையும் அதைப் பார்த்தே அச்சானது. நீங்கள் மருத்துவமனைச் சீட்டைப் பார்த்து அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்தத் தளம் போக்குவரத்துத் துறையின் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. அட்டையில் உள்ளபடியே போடுங்கள், எஃப்.என்.யூ. உட்பட. முகவரியும் அப்படித்தான். தம்பியின் அடுக்ககம் அட்டையில் இருக்கும்போது உங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்தால் மறுபடியும் நிற்கும். முதலில் போக்குவரத்துத் துறையில் முகவரியை மாற்றிவிட்டு, பிறகு இங்கே வாருங்கள்.

எக்ஸ்டன் மகள் | அக்டோபர் 15

நீங்கள் சொன்னதேதான். பழைய முகவரியையும் எஃப்.என்.யூ.வையும் போட்டதும் பதிவு ஏறிவிட்டது, நோயாளி எண்ணும் வந்துவிட்டது. என் அம்மாவுக்குப் பெயரே இல்லை என்று எழுதிக் கொடுப்பதுபோல் மனம் கசந்தது, ஆனாலும் நன்றி. அடுத்து என்ன?

மருந்துக்கடை மதுரை | அக்டோபர் 15

நான் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளராக வேலை செய்கிறேன். வரிசையைச் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாநிலத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள மருத்துவர் அம்மாவைப் பரிசோதித்து, பட்டியலில் உள்ள நோய் இருக்கிறது என்று சான்று ஏற்ற வேண்டும். புற்றுநோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் புற்றுநோய் மருத்துவர் அங்கீகாரம் பெறாதவராக இருந்தால் வேறொருவரிடம் போக வேண்டும். அந்தக் கட்டணத்தைக் காப்பீடு தராது. சான்று ஏறியதும் தளத்தில் 50 டாலர் கட்டினால் அட்டை தபாலில் வரும், ஓராண்டுக்குச் செல்லும். டிஸ்பென்சரியில் வாங்குவதற்கும் காப்பீடு கிடையாது.

பராமரிப்பாளருக்கு வேறு பதிவு, கைரேகை, குற்றப் பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு.

இதெல்லாம் எளிது. ஆனால் ஒன்று கேட்காமல் மேலே போக எனக்கு மனமில்லை. அம்மா குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டா?

எக்ஸ்டன் மகள் | அக்டோபர் 15

கிரீன் கார்டு. நான் குடியுரிமை பெற்று விண்ணப்பித்தது, 2019 செப்டம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு மனுப் போட இருக்கிறோம். மாநிலமே சட்டப்படி கொடுக்கும் அட்டைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கீழவாசல் | அக்டோபர் 15

அம்மா, தயவுசெய்து அந்த 50 டாலரை இப்போது கட்டாதீர்கள். முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அட்டையைக் கொடுப்பது மாநிலம். குடியேற்றத்தைப் பார்ப்பது மத்திய அரசு. மத்திய அரசின் 1970-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில், இந்த 2023-இல் மரிவானா மிகக் கடுமையான முதல் பட்டியலில், ஹெராயினோடு சேர்ந்து இருக்கிறது. மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்தின் கண்ணில் அதை வைத்திருப்பது குற்றமே. 2019 ஏப்ரல் 19 அன்று குடியேற்றத் துறை தன் அதிகாரிகளுக்கு இதைத் தெளிவாகவே எழுதி வெளியிட்டது: மாநிலத்தில் சட்டப்படி நடந்திருந்தாலும், மரிவானா தொடர்பான மத்தியச் சட்டமீறல் குடியுரிமைக்கான நன்னடத்தைக்குத் தடையாகலாம். 30 கிராமுக்கு மேற்படாமல் ஒரே ஒருமுறை வைத்திருந்ததற்கு மட்டும் விலக்கு உண்டு. மாதாமாதம் வாங்குகிறவருக்கு அந்த விலக்கு எப்படிப் பொருந்தும்?

தண்டனையே வேண்டியதில்லை என்பதுதான் இதில் என்னைத் தூங்கவிடாத செய்தி. அதிகாரி கேட்டு, நாமே ஆமாம் என்று ஒப்புக்கொண்டால் போதும். உங்கள் அம்மா போன்றவர்கள் மறைக்கத் தெரியாதவர்கள். "டாக்டர் கொடுத்தார், சாப்பிட்டேன்" என்று வெள்ளை மனத்தோடு சொல்லிவிடுவார்கள். மறைக்கச் சொல்லியும் கொடுக்காதீர்கள். அதிகாரியிடம் பொய் சொல்வது அதைவிடப் பெரிய தடை.

ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் இது வரும். விமான நிலையத்தில் கைப்பையிலோ கைபேசியிலோ அட்டையைப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள். கிரீன் கார்டு இருப்பவரும் இப்படி ஒப்புக்கொண்டால், நாட்டுக்குள் விடலாமா என்ற விசாரணைக்கு ஆளாக நேரிடும்.

தம்பியை இதில் இழுக்கவே வேண்டாம். விசா விண்ணப்பத்தில் போதைப்பொருள் சட்டத்தை மீறியது உண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். நாளை சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா முத்திரைக்கு நிற்கும்போது அவர் என்ன பதில் சொல்வார்? பராமரிப்பாளராக வாங்கி வருவதும் வைத்திருப்பதுதான்.

நான் வழக்கறிஞர் அல்லன். என் மனைவியின் குடியுரிமைக்காக இதையெல்லாம் எங்கள் வழக்கறிஞரிடம் உட்கார்ந்து கேட்டவன். நீங்களும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரை ஒரு மணி நேரம் பாருங்கள்.

லான்ஸ்டேல் மருமகன் | அக்டோபர் 16

இப்படிப் பயமுறுத்துவது சரியா? என் மாமனாருக்குக் கீமோவுக்குப் பிறகு கால் நரம்பு எரிச்சல். ஓராண்டாக அட்டையில் வாங்குகிறார், இரவில் தூங்குகிறார். இரண்டு முறை கோயம்புத்தூர் போய் வந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. துடிக்கிற மனிதருக்குச் சட்டப் புத்தகத்தையா காட்டுவது?

கீழவாசல் | அக்டோபர் 16

தம்பி, உங்கள் மாமனார் குடியுரிமை பெற்றவரா?

லான்ஸ்டேல் மருமகன் | அக்டோபர் 16

ஆமாம், 2011-இல் பெற்றார். இந்த வேறுபாட்டை நான் யோசிக்கவே இல்லை. மன்னியுங்கள் ஐயா, அக்கா நீங்களும்.

குடியுரிமை உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் என் அனுபவத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். புகைக்க இந்த மாநிலத்தில் அனுமதி இல்லை. நாங்கள் நாக்கடியில் விடும் சொட்டு மருந்து வாங்குகிறோம். கிரெடிட் கார்டு வாங்க மாட்டார்கள், ரொக்கம் கொண்டுபோங்கள். மாமனாரைக் கார் ஓட்ட விடுவதே இல்லை, ஏனென்றால் இரத்தத்தில் அதன் எச்சம் இருந்தாலே இங்கே போதையில் ஓட்டிய வழக்குப் போடலாம், அட்டை காப்பாற்றாது. ஊருக்குப் போகும்போது ஒரு சொட்டும் எடுத்துப் போவதில்லை. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்கு இந்த அட்டை வெறும் பிளாஸ்டிக்.

எக்ஸ்டன் மகள் | அக்டோபர் 16

படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நல்லது செய்வதாக நினைத்து அம்மாவையும் தம்பியையும் எங்கே கொண்டு நிறுத்த இருந்தேன்! மருத்துவமனையில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. "பதிவு செய்துவிடுங்கள், எளிதுதான்" என்றார்கள். ஆனால் இன்று அம்மா குடித்தது அரை டம்ளர் மோர் மட்டும். சட்டம் சரி, நான் இப்போது என்ன செய்வது?

மருந்துக்கடை மதுரை | அக்டோபர் 16

இதைச் சொல்லத்தான் நேற்றே அந்தக் கேள்வியைக் கேட்டேன். ட்ரொனாபினால் என்று ஒரு மருந்து இருக்கிறது. மரிவானாவில் வேலை செய்யும் டி.எச்.சி. என்ற பொருளையே ஆய்வுக்கூடத்தில் செய்து மாத்திரையாக்கியது. கீமோ குமட்டல் மற்ற மருந்துகளுக்கு அடங்காதபோது கொடுக்க 1985-இல் மத்திய மருந்து நிர்வாகம் அனுமதித்தது. இது 1999-இலிருந்து அதே மத்தியச் சட்டத்தின், கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுக்க, சாதாரண மருந்துக்கடையில் வாங்கலாம். அட்டை, டிஸ்பென்சரி எதுவும் வேண்டாம். மருத்துவச் சீட்டோடு வாங்குவதால் மத்தியச் சட்டத்தையும் மீறுவதில்லை. வழக்கறிஞரிடம் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அதற்கு முன் இன்னொன்று. ஆன்டான்செட்ரான் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், ஓலான்சபின், அப்ரெபிடன்ட் போன்ற குமட்டல் மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். "எடை ஏழு கிலோ குறைந்திருக்கிறது" என்று எண்ணோடு சொல்லுங்கள். நம் அம்மாக்கள் மருத்துவர் கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவார்கள், அதை அவரும் அப்படியே எழுதிக்கொள்வார்.

ட்ரொனாபினாலிலும் தலைசுற்றல், இரத்த அழுத்தம் இறங்குதல், குழப்பம் வரலாம். 67 வயதில் இரவில் தனியாகக் குளியலறைக்குப் போக விடாதீர்கள். மாத்திரைக்குள் நல்லெண்ணெய் இருக்கிறது. எள் ஒவ்வாமை இருந்தால் கூடாது. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து எடுத்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்டன் மகள் | நவம்பர் 15

தாமதத்துக்கு மன்னியுங்கள், நடுவில் நான்காவது சுற்றும் தீபாவளியும் வந்துவிட்டன.

வழக்கறிஞரைப் பார்த்தேன். கீழவாசல் ஐயா சொன்ன ஒவ்வொன்றையும் அவரும் சொன்னார். சான்றும் பெறவில்லை, பணமும் கட்டவில்லை, எதையும் வாங்கவும் இல்லை என்பதால் கவலைப்பட வேண்டாம், யாராவது கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்றார். பதிவைத் தொடரவில்லை.

புற்றுநோய் மருத்துவரிடம் எடையை எண்ணோடு சொன்னேன். முதலில் ஓலான்சபின் சேர்த்தார், அம்மா ஓரளவு தேறினார். பத்து நாள் பார்த்துவிட்டு மருத்துவர் 2.5 மில்லிகிராம் ட்ரொனாபினால் எழுதினார். காப்பீட்டு நிறுவனம் முன்அனுமதி கேட்டு ஆறு நாள் இழுத்தது. இப்போது எட்டு நாளாக அம்மா எடுக்கிறார். முதல் இரண்டு நாள் மயக்கமாக இருக்கிறது என்றார், பிறகு பழகிவிட்டது. தீபாவளியன்று ரசம் சாதமும் அரை அதிரசமும் சாப்பிட்டார். நேற்று எடை 52.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன், இது கஞ்சாவில் உள்ள பொருளையே செய்து ஆக்கிய மருந்து என்று. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்கள் தாத்தா காலத்தில் மாட்டுக்குக் கழிச்சல் வந்தால் கொடுப்பார்கள்" என்று சொல்லிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

ஒரு சிறு சந்தேகம். கடையில் குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொன்னார்கள். ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

மருந்துக்கடை மதுரை | நவம்பர் 15

வைக்கலாம். உறைய விடாதீர்கள். பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத மேல்தட்டில், மூடியை இறுக்கி வையுங்கள். அதிரசம் சாப்பிட்டார் என்று படித்ததும் எனக்கே வயிறு நிறைந்தது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.