‘எந்த மருந்தும் கேட்காது’ என்று கல்ச்சர் ரிப்போர்ட் வந்தவர்கள் எழுதுங்கள்

தூங்காதவன்:
அப்பா வென்டிலேட்டரில் இருந்தார். நுரையீரலில் அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா. ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பேரை விளக்க வேண்டியதில்லை. கிருமியை லேபில் வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட்டை டாக்டர் என் முன்னால் வைத்தார். வரிசையாக மருந்துப் பெயர்கள், எல்லாவற்றுக்கும் எதிரே ‘ஆர்’, ரெசிஸ்டன்ட், அதாவது கேட்காது. மெரோபெனெம் என்ற பெரிய ஆன்டிபயாடிக்குக்கும் அதேதான். பேனாவை மேலிருந்து இழுத்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நிறுத்தினார்: கொலிஸ்டின். “இது ஒன்றுதான் கேட்கும். கிட்னியைப் பதம் பார்க்கலாம். கொடுக்கட்டுமா?”

கொடுங்கள் என்றேன். அப்பா பிழைத்துவிட்டார், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறி இறங்கியது. ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் குடைகிறது. வேறு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்துக் கேட்டார்? அப்பாவின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று அத்தை வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆய்வகப்பூச்சி:
பழகியது உடம்பு இல்லை, கிருமி. அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

நான் மைக்ரோபயாலஜி லேபில் இருக்கிறேன். அகார் என்ற ஜெல்லி போட்ட தட்டில் கிருமியைப் பரப்பி, மேலே மருந்து வட்டுகளை வைத்து, இரவெல்லாம் இன்குபேட்டரில் விடுவோம். மருந்து கேட்டால் வட்டைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். ஒருநாள் காலையில் திறந்தால், கிளெப்சியெல்லா என்ற கிருமி வட்டுகளின் விளிம்பு வரை மொழுமொழுவென்று வளர்ந்திருக்கிறது. ஒரு வளையம்கூட இல்லை. வட்டில் மருந்தே இல்லையோ என்று சந்தேகம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மருந்துக்கு அடங்கும் சாதாரண ஈ.கோலை கிருமியின் தட்டை எடுத்தேன். அதில் வளையங்கள் கச்சிதமாக இருந்தன. அப்புறம்தான் படிவத்தைப் பார்த்தேன். வயது: 6 நாள். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தூங்காதவனுக்கு இன்னொன்று. கொலிஸ்டினை வட்டு வைத்துப் பார்த்திருந்தால் அந்த முடிவை நம்ப முடியாது. அது அகாரில் சரியாகப் பரவாது. திரவத்தில் பல அளவுகளில் கலந்துதான் பார்க்க வேண்டும்.

நைட்_டியூட்டி:
மருந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கிருமி அந்தக் கட்டிலுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லையே! அசினெட்டோபாக்டர் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கட்டில் கம்பி, மானிட்டர் பொத்தான், கீபோர்டு, எதிலும்.

நான் பார்த்தது: பெரிய டாக்டர் ஒருவர் ஒரு நோயாளியின் புண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே கையுறையோடு பக்கத்துக் கட்டிலின் சிரிஞ்ச் பம்பைத் திருப்பினார். “சார், கை” என்றேன். சிரித்துக்கொண்டே, “கிளவுஸ் போட்டிருக்கேனே சிஸ்டர்” என்றார். பிறகு அந்தக் கட்டிலுக்கும் அதே ரிப்போர்ட் வந்தது. அதனால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. 1847-லேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் மற்ற டாக்டர்களைக் கை கழுவ வைத்து, பிரசவ வார்டில் சாவு குறைவதைக் காட்டினார். அவர் பேச்சும் எடுபடவில்லை.

மருந்தாளுநர்_ஓய்வு:
என் கதை சின்னது. கதீட்டர், அதாவது சிறுநீர்க் குழாய் போட்டார்கள், சிறுநீரில் தொற்று வந்தது, முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை, மாற்றியதும் கேட்டது.

சரி, எல்லோருக்கும் சில விஷயம் சொல்கிறேன். கதீட்டரும் கழுத்து ரத்தக்குழாயில் போடும் லைனும் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். முடிந்தவரை முதல் டோசுக்கு முன்பே கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள், அடுத்த முறை சேரும்போது அதை வைத்துத்தான் முதல் மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் கேட்டு நச்சரிக்காதீர்கள். புது மருந்து வந்தால் எல்லாம் தீரும் என்று இருக்கவும் வேண்டாம். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் 1959-ல் வந்தது, 1961-லேயே அதை எதிர்க்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியைக் கண்டுவிட்டார்கள். கொலிஸ்டினும் கிட்னி பயத்தால் ஓரங்கட்டப்பட்டு, வேறு வழியில்லாமல் திரும்ப எடுக்கப்பட்ட பழைய மருந்துதான். அதை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட் (கிருமிக்குள் தனியாக இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையம்) வழியாகக் கிருமிக்குக் கிருமி தாவுவதை 2015-ல் சீனாவில் கண்டறிந்தார்கள்.

நைட்_டியூட்டி:
இவ்வளவு சொன்னீர்கள் ஐயா, கை கழுவுவதை விட்டுவிட்டீர்களே.

தூங்காதவன்:
ஆய்வகப்பூச்சி, ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். கொலிஸ்டினை எந்த முறையில் பார்த்தார்கள் என்று போடவில்லை.

ஆய்வகப்பூச்சி:
பக்கத்தில் எம்.ஐ.சி., அதாவது கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு, என்று ஓர் எண் இருக்கிறதா? ‘எஸ்’ (கேட்கும்) என்று மட்டும் இருந்தால் லேபில்தான் கேட்க வேண்டும்.