டூ-கே கிளியர் அடிக்க கார்பன் மாஸ்க் போதாதா?

பம்பர்பாண்டி:
பழைய கார் ஒன்னை ஷெட்டில் வச்சு நானே ரெடி பண்ணிக்கிட்டிருக்கேன். பட்டி போட்டு இழைச்சு, ஒன்-கே (ஹார்ட்னர், அதாவது பெயின்ட்டை இறுக வைக்கிற திரவம், கலக்காத) பிரைமரும் அடிச்சாச்சு. அடுத்து கலர் தர்ற பேஸ் கோட், அதுக்கு மேல டூ-கே கிளியர், அதான் ஹார்ட்னர் கலந்து அடிக்கிற நிறமில்லாத பளபளப்பு கோட். ரெண்டு பக்கமும் கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ள அரைமுக மாஸ்க் வச்சிருக்கேன். பிரைமர் அடிச்சப்ப தின்னர் வாடை துளிகூட வரலை. ஆனா கிளியரோட வந்த ஹார்ட்னர் டப்பாவில் ஐசோசயனேட்ங்கிற கெமிக்கல் இருக்கு, காத்து செலுத்துற மாஸ்க் போடணும்னு எழுதியிருக்கு. வாடையே வராதப்ப அது எதுக்கு? சும்மா பயமுறுத்துறாங்களா?

ஈரக்கோட்:
தம்பி, வாடையை நம்பாதே. தின்னர் மூக்குக்குத் தெரியும், கார்ட்ரிட்ஜ் தீர்ந்தா வாடை வந்து காட்டிக்கொடுத்துடும். ஐசோசயனேட் அப்படி இல்லை. மூக்குக்குத் தட்டுப்படும்போது அளவு எப்பவோ மீறியிருக்கும். பிரிட்டனில் 8 மணி நேரச் சராசரியா ஒரு கன மீட்டர் காத்துக்கு 0.02 மில்லிகிராம்தான் வரம்பு. அதனால கார்ட்ரிட்ஜ் தீர்ந்துச்சா, ஓரத்தில் கசியுதான்னு உனக்குத் தெரிய வழியே இல்லை. லேசா தாடி முளைச்சிருந்தாலே கசியும்.

என்கூட ஒரு சீனியர் இருந்தார். அவர் கிளியரில் ஆரஞ்சு பீல் (ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம்) விழுந்து நான் பார்த்ததில்லை. பகல்ல நல்லாத்தான் இருப்பார், ராத்திரி படுத்தா இருமல், நெஞ்சு இறுக்கம். லீவு போட்டா சரியாயிடும். தூசி ஒத்துக்கலைன்னு சிரப் குடிச்சே காலத்தை ஓட்டினார். ஐசோசயனேட்டால வர்ற ஆஸ்துமா பல பேருக்கு அப்படித்தான், அடிச்சு சில மணி நேரம் கழிச்சு வரும். உடம்பு ஒரு தடவை எதிர்க்க ஆரம்பிச்சா, பிறகு துளி பட்டாலும் போதும். பக்கத்து பூத்தில் (பெயின்ட் அடிக்கிற மூடின அறை) யாரோ கிளியர் அடிச்சாலே அவருக்கு மூச்சு பிடிச்சுக்கும். கடைசியில் ஸ்ப்ரே கன்னையே விட்டுட்டார்.

இன்னொன்னு. கடைசி கோட் முடிஞ்சதும் மாஸ்க்கைத் தூக்கிட்டு, லைட்டைச் சாய்ச்சு பளபளப்பு பார்ப்போமே, அதுதான் மோசம். மூட்டம் கலைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாத துளிகள் இன்னும் மிதக்கும். நல்ல பூத்திலேயே அடங்க சில நிமிஷம் ஆகும். உன் ஷெட்டில் அரை மணி ஆனாலும் ஆச்சரியமில்லை. வெளியே வந்து கழட்டு.

பழையகை:
நான் இருபது வருஷமா கர்ச்சீப் கட்டித்தான் அடிக்கிறேன். கல்லு மாதிரி இருக்கேன். இப்ப வர்ற பசங்க எல்லாத்துக்கும் பயப்படுறாங்க.

ஈரக்கோட்:
அண்ணே, கல்லு மாதிரியே இருங்க, சந்தோஷம். ஆனா கர்ச்சீப் துளியையே ஒழுங்கா நிறுத்தாது, ஆவியை எங்க நிறுத்தும்? சிலருக்குச் சில மாசத்தில் வரும், சிலருக்குப் பல வருஷம் கழிச்சு, சிலருக்கு வராமலும் போகலாம். யாருக்குன்னு முன்கூட்டியே பார்த்துச் சொல்ல முடியாது. உங்ககிட்ட தொழில் பழகுற பையனுக்கு உங்க உடம்பு இல்லையே.

பம்பர்பாண்டி:
அப்போ வாட்டர் பேஸ் பெயின்ட்டுக்கு மாறிட்டா? இல்லேன்னா டப்பாவில் வர்ற டூ-கே ஸ்ப்ரே?

ஈரக்கோட்:
வாட்டர் பேஸ்ங்கிறது பேஸ் கோட் மட்டும்தான். மேல போடுற கிளியர் பெரும்பாலும் அதே டூ-கேதான். அடியில் பட்டனை அமுக்கி ஹார்ட்னரை உடைச்சு விடுற டப்பாவும் அப்படித்தான், டப்பா சின்னதுங்கிறதால விஷம் குறையாது. ஹார்ட்னர் சேராத ஒன்-கேன்னா உன் மாஸ்க் போதும், கார்பனுக்கு முன்னாடி துகள் ஃபில்டரும் இருக்கணும். பெட்ரோல் பட்டா அந்தக் கிளியர் தாங்காது, அதை ஒத்துக்கணும்.

ஏர்ஃபெட், அதான் அந்தக் காத்து செலுத்துற மாஸ்க், வாங்கினா மாஸ்க்கோட செலவு நிக்காது. கன்னுக்கும் மாஸ்க்குக்கும் சேர்த்து காத்து கொடுக்கிற கம்ப்ரஸர் வேணும், அது வெளியே சுத்தமான காத்தை இழுக்கணும், நடுவில் சுவாசக் காத்துக்கான ஃபில்டர் வேணும். ஒரு காருக்காக இவ்வளவா? பேஸ் வரைக்கும் நீ பார்த்துக்கோ, கிளியரை பூத் இருக்கிற கடையில் கொடு. பேஸ் காய்ஞ்சு எத்தனை மணி நேரத்துக்குள்ள கிளியர் ஏறணும்னு டேட்டா ஷீட்டில் இருக்கும், அதுக்கு ஏத்த மாதிரி நேரம் பேசி வச்சுக்கோ.

கையில் பட்டாலும் ஒவ்வாமை கிளம்பும், அதனால நைட்ரைல் கிளவுஸ் போட்டுத்தான் கலக்கணும். கையை தின்னரில் கழுவாதே, சோப்பு போதும்.

பம்பர்பாண்டி:
சரிண்ணே, பூத்துக்கே கொடுத்துடுறேன். ஹார்ட்னர் டப்பாவைத் திறந்துட்டேனே, அதை என்ன பண்றது?

ஈரக்கோட்:
கிளியரோட சேர்த்து அந்தக் கடைக்காரர்கிட்டயே கொடு. அதுவரைக்கும் மூடியை இறுக்கி, ஈரம் படாத இடத்தில் வை. தண்ணி சேர்ந்தா கரியமில வாயு கிளம்பும், மூடின டப்பா உப்பிக்கிட்டு வெடிக்கும். ஏற்கெனவே உப்பியிருந்தா நீ திறக்காதே.