லூசியானா சதுப்பில் வாத்து வேட்டை: ஜான் போட்டில் மட் மோட்டார் பூட்டுவது எப்படி?

லஃபாயெட்டுக்குப் புதுசு:
வணக்கம். 14 அடி அலுமினிய ஜான் போட் (தட்டையான அடி உள்ள சின்னப் படகு) கைக்கு வந்திருக்கு. சேத்துலயும் ஓடுற மட் மோட்டாருக்காக, ப்ரிடேட்டர் 212ங்கிற சின்னப் பெட்ரோல் இன்ஜினோட லாங் டெயில் கிட் (நீளக் குழாய் முனையில் ப்ரொப்பெல்லர்) வாங்கிப் பூட்டலாம்னு யோசனை. வாத்து சீசனுக்குள்ள ஓடணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது? H-1B விசாவில் இருக்கேன்.

பேட்டன் ரூஜ் அண்ணாச்சி:
தம்பி, மோட்டாருக்கு முன்னாடி விசா. H-1B, F-1 மாதிரி விசாவில் வந்தவங்க துப்பாக்கி வச்சிருக்கறதே மத்திய சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் வாங்கின, தேதி முடியாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு. அதனால லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும், "கொஞ்சம் பிடிங்க" என்று நண்பர் நீட்டினாலும் வாங்காதீங்க. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. 16 வயது ஆனவர்களுக்கு டக் ஸ்டாம்ப் (வாத்து வேட்டைக்கான மத்திய அரசு முத்திரை) கட்டாயம். வாத்து வேட்டைக்கு ஈயக் குண்டு 1991 முதல் நாடு முழுக்கத் தடை, ஸ்டீல் வாங்குங்க. இன்ஜினை நிறுத்தி, படகு முன்னேறுவதும் நின்ற பிறகுதான் சுடலாம்.

16 அடிக்குக் குறைவான, கைப்பிடியால் திருப்பும் மோட்டார் படகு ஓடும்போது அதில் இருக்கிற எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கணும், இது லூசியானா விதி. கில் சுவிட்ச் கயிறு (இழுபட்டதும் இன்ஜினை அணைக்கிறது) மணிக்கட்டில் இருக்கட்டும். லாங் டெயிலில் ஆள் தவறி விழுந்தால் சுழல்கிற ப்ரொப்பெல்லர் அவர் பக்கமே திரும்பி வரும்.

டெயில் மெக்கானிக்:
நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகில் டீசல் இன்ஜினும் நீளக் குழாயும் பார்த்திருந்தால் பாதி வேலை புரிஞ்ச மாதிரி. அதே தத்துவம்தான். லூசியானாவில் 1977இல் வாரன் கோகோ தொடங்கிய கோ-டெவில் இதைச் சதுப்புக்கு ஏத்த மாதிரி விற்க ஆரம்பிச்சது. ஷார்ட் டெயில் எனப்படும் சர்ஃபேஸ் டிரைவ் வேகமானது, ஆனால் எடையும் விலையும் கூட. 14 அடிப் படகுக்கும் 6.5 குதிரைத்திறனுக்கும் லாங் டெயிலே சரி.

முதல்ல டிரான்சமை, அதாவது மோட்டார் பூட்டுற பின்சுவரை, தட்டிப் பாருங்க. பழைய ஜான் போட்டில் உள்ளே இருக்கிற பலகை ஊறிப் போயிருக்கும்; ஸ்க்ரூடிரைவர் முனை இறங்கினால் மாத்தியே ஆகணும். கடையில் கிடைக்கிற பச்சை நிற மருந்தேற்றிய ப்ளைவுட் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள தாமிரம் அலுமினியத்தை அரிச்சுடும். மரைன் ப்ளைவுட்டை வெட்டி, ஓரம் உட்பட எல்லாப் பக்கமும் எபாக்ஸி பூசி வையுங்க. ஸ்டெயின்லெஸ் போல்ட் மறுபக்கம் வரை ஊடுருவிப் போகணும். உள்பக்கம் அகலமான வாஷர் தட்டு, துளையில் மரைன் சீலன்ட்.

இன்ஜின் ஷாஃப்ட் முக்கால் இஞ்ச், சாவி (ஷாஃப்ட்டையும் கப்ளிங்கையும் சேர்த்துச் சுத்த வைக்கிற சின்ன உலோகத் துண்டு) 3/16 இஞ்ச். இன்ஜினையும் டெயில் ஷாஃப்ட்டையும் இணைக்கிற கப்ளிங்கை மாட்டும்போது சுத்தியலால் அடிக்காதீங்க, கிராங்க் பேரிங் போயிடும். ஷாஃப்ட்டில் ஆன்ட்டி-சீஸ் (இறுகிப் பிடிக்காமல் காக்கிற பசை) தடவி வழுக்கி ஏத்துங்க. செட் ஸ்க்ரூவுக்கு மட்டும் நீல லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கிற பசை). கையால் சுத்தும்போது ஒரு இடத்தில் இறுக்கமா இருந்தால் சீரமைப்பு தப்பு: இன்ஜின் அடி போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துங்க.

புது இன்ஜின் ஆயில் இல்லாமல்தான் வரும். 10W-30 ஊத்தி, மட்டமா வச்சு டிப்ஸ்டிக் பாருங்க. முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை மாத்துங்க.

லஃபாயெட்டுக்குப் புதுசு:
நன்றி அண்ணே. யூடியூபில் எல்லாரும் முதலில் கவர்னரை (வேகம் எல்லை மீறாமல் கட்டுப்படுத்துற பாகம்) கழட்டி, கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் போற சின்னத் துளை) மாத்தறாங்க. செய்யணுமா?

டெயில் மெக்கானிக்:
வேண்டாம். இந்த இன்ஜினின் ஃப்ளைவீலும் கனெக்டிங் ராடும் நிமிஷத்துக்கு 3,600 சுற்றை மனசில் வச்சு செஞ்சவை. கவர்னர் போனால் ப்ரொப்பெல்லர் தண்ணியை விட்டு வெளியே வர்ற ஒவ்வொரு தடவையும் இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் எகிறும். "பவர் பத்தலை" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி உயரம், கோணம், ப்ரொப்பெல்லர் ஆகியவற்றில் இருக்கிற கோளாறுதான். அதைச் சரி பண்ணாமல் கார்புரேட்டரில் கை வைத்தால் எது எதனால் என்றே தெரியாமல் போயிடும்.

உயரம்: வேட்டைக்குப் போகிற அதே பாரத்தை ஏத்துங்க. ரெண்டு ஆள், டிகாய் (பொம்மை வாத்து) மூட்டை, நிறைந்த டேங்க். நின்ற தண்ணியில் ப்ரொப்பெல்லர் மேற்பரப்புக்கு சற்றே கீழே இருந்தால் குழாய் எந்தக் கோணத்தில் நிக்குதுன்னு பக்கத்திலிருந்து பாருங்க. டிரான்சம் உயரமானால் குழாய் செங்குத்தாகும், தள்ளுவிசையில் ஒரு பகுதி பின்புறத்தைத் தூக்கி மூக்கை அமுக்கவே வீணாகும். இன்ஜினும் கூடவே சாயும். ஆயில் குறைஞ்சிடுச்சுன்னு ஆயில் சென்சார் ஏமாந்து இன்ஜினை அணைக்கும். ஆயில் நிறைய இருந்தும் திடீர்னு நின்னா முதல் சந்தேகம் இதுதான். மோட்டாருக்கு அடியில் வைக்கிற கட்டையின் உயரத்தைக் குறைச்சுப் பாருங்க.

அடுத்து, ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தகடு. கைப்பிடியை விட்டதும் டெயில் தானா ஆழமா இறங்கினால், தகட்டின் பின் ஓரத்தை லேசாக் கீழ் நோக்கி வளைங்க; தண்ணி அதைத் தூக்கும். டெயில் மேலே வந்து காற்றைக் குடிச்சா மேல் நோக்கி. ஒவ்வொரு தடவையும் நூலளவு வளைத்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி.

அப்புறம் சுற்று. ஸ்பார்க் பிளக் வயரில் சுத்துற மலிவான டேகோமீட்டர் போதும். ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்று செட் பண்ணுங்க, ரெண்டு சுற்றுக்கு ஒன்று என்று வச்சிருந்தால் இருமடங்கு காட்டிப் பயமுறுத்தும். முழு பாரம், முழு த்ராட்டில், திறந்த தண்ணி: 3,400 பக்கம் நின்னா நல்லது. 3,000க்குக் கீழே தொங்கினால் பிட்ச் (ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறுற தூரம்) கூடுதல், குறைந்த பிட்ச்சுக்கு மாறுங்க. வேகமே இல்லாமல் சுலபமா 3,600இல் போய் நின்னா ப்ரொப்பெல்லர் சின்னது.

சும்மா ஓடும்போது சத்தம் ஏறி இறங்கி ஊசலாடினால், அப்போதான் கார்புரேட்டர். அனேகமா பைலட் ஜெட் (சும்மா ஓடும்போது பெட்ரோல் தர்ற சின்னத் துளை) அடைப்பு.

ஹூமா பக்கத்து ஆள்:
ஒண்ணு சேர்க்கறேன். இன்ஜின் எகிறுது, படகு நகரலைன்னா மூணு காரணம். திருப்பத்தில் மட்டும் வந்து, கைப்பிடியைத் தூக்கினதும் சரியானால் ப்ரொப்பெல்லர் காற்றைக் குடிக்குது. அதிர்வோட வந்தால் செடி சுத்தியிருக்கு. கிளம்பும்போதே தள்ளலே இல்லைன்னா சாவி வெட்டுப்பட்டிருக்கு. பையில் 3/16 சாவி ரெண்டு வச்சிருங்க.

நம்ம ஊர்க் குளத்தை மூடுற அதே வெங்காயத்தாமரைதான் இங்கேயும். அது ப்ரொப்பெல்லரில் மட்டும் இல்லை, ரீகாயில் மூடியின் (கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற பக்கம்) காற்றுத் துளையிலும் ஒட்டிக்கும். காற்றால் குளிர்கிற இன்ஜின், அடைச்சா சூடேறி சிலிண்டர் ஹெட் போயிடும். நிறுத்துற இடத்தில் எல்லாம் விரலால் வழிச்சு விடுங்க.

தூண்டில் நைலான் நரம்பு இன்னும் மோசம். ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் சுத்தி, தண்ணி புகாமல் தடுக்கிற ரப்பர் சீலை (seal) அறுத்திடும். கிரீஸ் கன்னை அழுத்தினதும் பழைய கிரீஸ் மோர் மாதிரி வெளுப்பா வந்தால் தண்ணி உள்ளே போயிடுச்சு. சுத்தமானது வர்ற வரைக்கும் மரைன் கிரீஸ் அடிச்சு, சீலையும் மாத்துங்க. ஒவ்வொரு பயணம் முடிஞ்சதும் கிரீஸ் அடிக்கறது நல்லது.

லஃபாயெட்டுக்குப் புதுசு:
சீசன் முடிஞ்சதும் அப்படியே ஷெட்டில் விடலாமா?

டெயில் மெக்கானிக்:
டேங்கில் ஸ்டெபிலைசர் கலந்து பத்து நிமிஷம் ஓட்டுங்க. பிறகு பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி போல்ட்டைத் திறந்து வடிச்சிடுங்க. எத்தனால் கலந்த பெட்ரோல் கிண்ணத்தில் தேங்கினா, அடுத்த நவம்பரில் அடைபடுறது அதே பைலட் ஜெட்தான்.