மாமியாரின் பக்கவாதத்துக்குப் பிறகு மீண்டும் கடன்பற்று அட்டைக் கடன்: எந்த வழியில் போவது?

ஈசூன் மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் 2017ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வங்கிகளின் கடன் ஒருங்கிணைப்புத் திட்டத்தில் சேர்ந்து, பல அட்டைகளில் குவிந்திருந்த கடனை ஒரே தவணையாக மாற்றி, 2023ஆம் ஆண்டின் இறுதியில் கடைசிக் காசுவரை கட்டி முடித்தார். அதன்பின் அவசரத்துக்கென்று இரண்டு அட்டைகள் மட்டும் வைத்துக்கொண்டு மாதாமாதம் முழுத் தொகையையும் செலுத்திவந்தோம்.

சென்ற ஆண்டு என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. அவருக்கு வயது 71. அதுவரை ஜூரோங்கில் மூத்தார் வீட்டில் இருந்தார். அங்கே பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் மருத்துவமனையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டோம். மருத்துவமனைக் கட்டணம் பெரும்பாலும் மெடிஷீல்டு லைஃப் காப்பீட்டிலும் மத்திய சேம நிதியின் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலும் அடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பணம் கரையத் தொடங்கியது. சக்கர நாற்காலி, கட்டில், பணிப்பெண் முகவருக்குக் கட்டணம், பணிப்பெண்ணின் சம்பளம், அவருக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளி, பெரியவர்களுக்கான டயப்பர், பால்மாவு, வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சையாளர் என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று வந்து நிற்கிறது. கணவர் கப்பல் பட்டறையில் மிகைநேர வேலையைக் குறைத்துக்கொண்டதால் அவருடைய மாத வருமானம் இப்போது 3,800 வெள்ளி. நான் வேலைக்குப் போகவில்லை. இரண்டு அட்டைகளிலும் சேர்த்து 19,000 வெள்ளி நிற்கிறது. சில மாதங்களாகக் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்ட முடிகிறது.

மறுபடியும் அதே திட்டத்தில் சேர முடியுமா? அட்டை நிலுவையை வேறு வங்கிக்கு மாற்றும் வட்டியில்லா பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் எடுத்துக் கொஞ்சம் மூச்சு விடலாம் என்கிறார் கணவரின் நண்பர். உரிமம் பெற்ற கடன் வழங்குநரிடம் 5,000 வெள்ளி வாங்கி ஒரு அட்டையை அடைத்துவிடலாமா என்றும் கணவர் யோசிக்கிறார். என் வளையல்களும் ஓர் ஆரமும் இருக்கின்றன, ஆனால் அவை மகளுக்கென்று வைத்திருப்பவை. தம் அண்ணனான மூத்தாரிடம் பணம் கேட்பதைக் கணவர் விரும்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தோ பாயோ கணக்காளர் எழுதியது:

வணக்கம் சகோதரி. முதலில் நீங்கள் கேட்ட திட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வட்டி ஏறிக்கொண்டிருக்கும் பிணையில்லாக் கடன் மாத வருமானத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டியவர்களுக்காக 2017இல் ஏற்படுத்தப்பட்டதே கடன் ஒருங்கிணைப்புத் திட்டம். உங்கள் கணவரின் கடன் இப்போது ஐந்து மாதச் சம்பளம். எனவே அதில் சேர இடமில்லை. இதற்காக வருந்த வேண்டாம், ஏனென்றால் சென்ற முறை நீங்கள் நின்ற இடத்துக்கு இன்னும் போகவில்லை என்பதே இதன் பொருள், அந்த எல்லைக்கு முன்பாகவே பிடித்து நிறுத்தினால் ஆறு ஆண்டுத் தவணை தேவைப்படாது.

அடுத்து, அட்டை அறிக்கையை எடுத்து வட்டி என்ற வரியைப் பாருங்கள். ஆண்டு வட்டி 27 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 19,000 வெள்ளிக்கு ஒரு மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 427 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு, அதாவது 570 வெள்ளி. நீங்கள் 570 கட்டும்போது அசலில் குறைவது 143 வெள்ளிதான். அந்த மாதம் அதே அட்டையில் 200 வெள்ளிக்கு டயப்பரும் பால்மாவும் வாங்கினால் கடன் குறையவில்லை, கூடியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. முழுத் தொகையையும் கட்டாத நிலையில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாள்கள் கிடைப்பதில்லை, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே இன்றே செய்யவேண்டிய வேலை இரண்டு அட்டைகளையும் பணப்பையிலிருந்தும் கைப்பேசிச் செயலிகளிலிருந்தும் எடுத்துவிடுவது. மாமியாருக்கான பொருள்களை இனி வங்கிக் கணக்கிலிருந்தே நேரடியாகக் கட்டி வாங்குங்கள்.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ வட்டி இல்லை என்பது உண்மைதான், ஆனால் தொடக்கத்திலேயே ஒரு கட்டணம் எடுத்துக்கொள்வார்கள், கெடு முடிந்த மறுநாள் மீதித் தொகைக்குப் பழைய வட்டியே திரும்பிவிடும். அந்தக் கெடுவுக்குள் மொத்தத்தையும் அடைக்கும் வரவு கண்ணுக்குத் தெரிபவர்களுக்கு அது பயன்படும். மாதச் செலவே வரவை மிஞ்சி நிற்கும் உங்களுக்கு அது நாளைத் தள்ளிப்போடுவது மட்டுமே.

உரிமம் பெற்ற கடன் வழங்குநர் விஷயத்தில் சட்டம் விதித்திருக்கும் உச்சவரம்பு மாதம் 4 விழுக்காடு வட்டி. அதற்குமேல் அசலில் 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணம். 5,000 வெள்ளி கடனுக்குக் கையெழுத்துப் போட்டால் 4,500 வெள்ளிதான் கைக்கு வரக்கூடும். ஆண்டுக்கு 27 விழுக்காடு கடனை அடைக்க மாதத்துக்கு 4 விழுக்காடு கடன் வாங்குவதில் எந்த நியாயமும் இல்லை. வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ கடன் தருவதாக யாராவது எழுதினால் பதில்கூடச் சொல்லாதீர்கள், உரிமம் உள்ளவர்களுக்கு அப்படி விளம்பரம் செய்ய அனுமதியில்லை.

செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, வங்கியை நீங்களே அழைத்து, வருமானம் குறைந்ததையும் வீட்டில் நோயாளி இருப்பதையும் சொல்லி, நிலுவையைக் குறைந்த வட்டியில் நிலையான தவணைக் கடனாக மாற்றித்தரக் கேளுங்கள். தவணை தவறுவதற்கு முன்பு கேட்பவருக்கும் தவறிய பிறகு கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் வேறு. அவர்கள் சொல்லும் விழுக்காட்டைக் கேட்டு உடனே ஒப்புக்கொள்ளாமல், நடைமுறை வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். விளம்பரத்தில் வரும் வட்டி தொடக்க அசல் முழுவதற்கும் கணக்கிடப்படுவதால் உண்மையான வட்டியின் ஏறத்தாழப் பாதியாகத்தான் தோன்றும். இரண்டு, வங்கி இணங்காவிட்டால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பை நாடுங்கள். அது அறநிறுவனம், கடன் கொடுக்கும் இடம் அன்று. வரவு செலவை உங்களோடு உட்கார்ந்து பார்த்து, கட்டக்கூடிய தொகை எவ்வளவு என்று கண்டு, வங்கிகளிடம் தவணைத் திட்டம் ஒன்றை முன்வைப்பார்கள்.

உட்லண்ட்ஸ் மகள் எழுதியது:

ஈசூன் அக்கா, என் அப்பாவைப் பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் வைத்துப் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். கணக்காளர் அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் மாதச் செலவு இப்படியே இருந்தால் எந்தத் தவணைத் திட்டமும் நிற்காது. உங்கள் கடன் மருத்துவமனையில் பிறந்ததன்று, பராமரிப்பில் பிறந்தது. அங்கேதான் அடைக்கவேண்டும்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்த 300 வெள்ளி தீர்வை. வீட்டில் 67 வயதோ அதற்கு மேலோ ஆன குடிமகனோ குடிமகளோ இருந்தால் பணிப்பெண்ணுக்கான சலுகைத் தீர்வை 60 வெள்ளிதான். மாமியாருக்கு 71 வயது. அப்படியிருந்தும் உங்களிடம் முழுத் தீர்வை பிடிக்கிறார்கள் என்றால், அவருடைய அடையாள அட்டையில் இன்னும் ஜூரோங் முகவரியே இருக்கிறது என்று நினைக்கிறேன். முதலாளியும் முதியவரும் ஒரே முகவரியில் பதிவாகியிருந்தால்தான் சலுகை கிடைக்கும். முகவரியை மாற்றினால் மாதம் 240 வெள்ளி மிச்சம், அண்ணன் போட்ட கணக்கில் இப்போது அசலில் மாதாமாதம் கழியும் தொகையைவிட அது அதிகம். எப்படியும் வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம்.

அடுத்தது எல்டர்ஷீல்டு என்னும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. 2002இல் அந்தத் திட்டம் வந்தபோது 40 வயதிலிருந்து 69 வயது வரை இருந்த மெடிசேவ் கணக்குள்ளவர்கள் தாமாகவே சேர்க்கப்பட்டார்கள். உங்கள் மாமியார் அப்போது நாற்பதுகளில் இருந்திருப்பார். அவர் விலகாமலும் சந்தா விட்டுப்போகாமலும் இருந்திருந்தால், குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குச் செல்வது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைத் தாமாகச் செய்ய இயலாத நிலையில், மாதம் 300 வெள்ளி ஐந்து ஆண்டுகளுக்கோ 400 வெள்ளி ஆறு ஆண்டுகளுக்கோ ரொக்கமாகக் கிடைக்கும். இது நாம் விண்ணப்பித்தால் மட்டுமே வரும். வலப்பக்கம் முழுதும் செயலிழந்தவருக்கு இந்தத் தகுதி இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய மெடிசேவ் அறிக்கையில் சந்தா கழிக்கப்பட்ட வரியைப் பார்த்த பிறகுதான் அப்படியொன்று இருப்பதே தெரிந்தது. அதே மதிப்பீட்டை வைத்து ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் வழியாக இல்லப் பராமரிப்பு மானியத்துக்கும் விண்ணப்பம் போடுங்கள். அது வீட்டு வருமானத்தைப் பொறுத்தது. கழிவறைக் கைப்பிடிகள் இன்னும் போடவில்லை என்றால் கடையில் ஆள் பிடிக்காதீர்கள், வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின்) ஈஸ் திட்டத்தில் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது.

மூத்தாரிடம் பணம் கேட்கத் தயக்கம் இருந்தால், கடனைப் பற்றிப் பேசாமல் பராமரிப்பைப் பற்றிப் பேசுங்கள். தாயாரின் மருத்துவமனைக் கட்டணத்துக்கு எந்தப் பிள்ளையின் மெடிசேவையும் பயன்படுத்தலாம், அடுத்த முறை அவருடையதை முதலில் எடுக்கச் சொல்லலாம். டயப்பரையும் பால்மாவையும் மாதாமாதம் அவரே வாங்கி உங்கள் வீட்டுக்கு அனுப்பும்படி கேட்பது இன்னும் எளிது. அது கடன் கேட்பதாகாது, அம்மாவுக்கு மகன் செய்வது. உங்கள் கணவரின் மானமும் அதில் குறையாது.

தேக்கா வாசகர் எழுதியது:

நகையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, எனவே நான் சொல்கிறேன். இங்கே அடகுக் கடைகள் மாதம் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஆண்டுக்கு 18 விழுக்காடு என்று வைத்தாலும் அட்டையைவிடக் குறைவுதான். 6,000 வெள்ளிக்கு அடகு வைத்து அட்டையில் அந்த அளவை அடைத்தால், மாதம் 135 வெள்ளி வட்டி போய்ச் சேரும் இடத்தில் 90 வெள்ளி போகும். ஆனால் மீட்புக் காலம் ஆறு மாதம். அதற்குள் மீட்கவோ வட்டி கட்டிப் புதுப்பிக்கவோ வேண்டும், இல்லாவிட்டால் பொருள் கையைவிட்டுப் போய்விடும்.

என் கருத்து இதுதான். தீர்வை, எல்டர்ஷீல்டு, மூத்தாரின் பங்கு ஆகியவை எல்லாம் ஒழுங்கானபின், மாத வரவு செலவு சமநிலைக்கு வந்துவிட்டது என்று உறுதியானால் மட்டுமே நகையைத் தொடுங்கள். ஓட்டை அடைபடாத குடத்தில் தண்ணீர் ஊற்றினால் நகையும் போகும், கடனும் நிற்கும். மகளுக்கென்று எடுத்துவைத்த ஆரத்தை விட்டுவிட்டு, வளையல்களில் ஒரு சோடியை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

ஈசூன் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உட்லண்ட்ஸ் தங்கை சொன்னது சரியே. மாமியாரின் அடையாள அட்டையில் ஜூரோங் முகவரிதான் இருக்கிறது. மூத்தாரிடம் நேற்று இரவு நானே பேசினேன். டயப்பரைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும், அம்மாவின் பழைய மத்திய சேம நிதிக் கடிதங்கள் அவர் வீட்டு அலமாரியில் இருப்பதாகவும், வார இறுதியில் எடுத்துவருவதாகவும் சொன்னார். ஓரகத்தி சனிக்கிழமைகளில் வந்து அம்மாவோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், அன்று கணவர் மிகைநேர வேலைக்குப் போகலாம்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். கிரெடிட் கவுன்சலிங் அமைப்புக்குப் போனால் கணவரின் நிறுவனத்துக்குத் தகவல் போகுமா? வங்கி வழக்குப் போட்டால் வீட்டை இழந்துவிடுவோமா? கணவர் இரவெல்லாம் தூங்காமல் இருப்பது இந்த இரண்டாவது கேள்வியால்தான்.

தோ பாயோ கணக்காளர் எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில், போகாது. அது நீதிமன்ற நடவடிக்கையன்று, நீங்களும் வங்கிகளும் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு. அட்டைகளை மூடவேண்டியிருக்கும். கடன் தகவல் பதிவில் அது தெரியும், ஆகவே தவணை முடியும்வரை புதிய கடன் கிடைப்பது கடினம். உங்கள் நிலையில் அதை இழப்பாக நான் கருதவில்லை.

இரண்டாவதற்கு, கடன் 15,000 வெள்ளியைத் தொட்டால் கடன் கொடுத்தவர் நொடிப்பு (திவால்) வழக்குத் தொடுக்கலாம் என்பது சட்டம். உங்கள் தொகை அதைத் தாண்டியிருப்பதால்தான் தவணை தவறுமுன் வங்கியிடம் பேசச் சொன்னேன். ஆனால் அந்த நிலை வந்தாலும், உரிமையாளர்களில் ஒருவராவது குடிமகனாக இருக்கும் வீவக வீடு கடன்காரர்கள் கைக்குப் போகாது. மத்திய சேம நிதியிலுள்ள பணத்தையும் அவர்கள் தொட முடியாது. வீட்டுக்கடன் தவணையை மட்டும் தவறவிடாதீர்கள், அது தனிக் கணக்கு. இதைக் கணவரிடம் இன்றிரவே சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் மகள் எழுதியது:

அக்கா, முகவரி மாற்றத்துக்கு அலையவேண்டாம், குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்திலேயே செய்யலாம். அதை உறுதிப்படுத்தும் ரகசிய எண் புதிய முகவரிக்குக் கடிதமாக வரும், அதை உள்ளிட்ட பிறகுதான் மாற்றம் நிறைவேறும். விளம்பரத் தாள்களோடு சேர்த்து அதைத் தூக்கிப்போட்டுவிடாமல் தபால்பெட்டியைப் பாருங்கள். மாறியபின் மனிதவள அமைச்சின் கணக்கில் தீர்வை 60 ஆகியிருக்கிறதா என்று சரிபார்த்து, ஆகாவிட்டால் சலுகைக்கு விண்ணப்பியுங்கள்.