‘எர்த்வொர்க்’ கோட்டைக்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1 (சென்னை)
அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய சிறுவர் நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜார்ஜியாவில் ஒகீச்சி ஆற்றங்கரையில் தென்மாநிலப் படை வைத்திருந்த மெக்அலிஸ்டர் கோட்டை பற்றிய அத்தியாயத்தில் வந்து நிற்கிறேன். மண்ணையும் மணலையும் குவித்து எழுப்பிய ‘எர்த்வொர்க்’ அது. ‘மண்கோட்டை’ என்று எழுதினேன். படித்த என் மகள், “மழைக்கே கரைந்துவிடுமே” என்றாள். நடந்ததோ நேர்மாறு. 1863 பிப்ரவரி 1 அன்று வடமாநிலப் படையின் ‘மான்டாக்’ என்ற இரும்புக்கவசக் கப்பல் 15 அங்குலப் பீரங்கியால் தாக்கியது. கோட்டைத் தலைவர் மேஜர் ஜான் காலி மடிந்தார், கோட்டை நின்றது. மார்ச் 3 அன்று அவ்வகைக் கப்பல்கள் மூன்று வந்தன. குண்டுகள் மணலில் புதைந்தன; பள்ளங்களை வீரர்கள் இரவோடு இரவாக மூடிவிட்டார்கள். இந்த வலிமை தெரியும் சொல் வேண்டும்.

மடல் 2 (மதுரை)
‘மண்ணரண்’ என்று எழுதுங்கள் அம்மா. “மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடையது அரண்” என்று குறளே வழிகாட்டுகிறது.

மடல் 3 (திருச்சி)
ஐயா, அந்த ‘மண்’ குவித்த மண் அன்று. பரிமேலழகர் அதை வெள்ளிடை நிலம் என்கிறார். நீரும் நிழலும் இல்லாத வெட்டவெளியே பகைவனுக்குத் தடை. குறளைச் சான்று காட்டி அதன் பொருளையே மாற்றக் கூடாது.

மடல் 4 (தஞ்சாவூர்)
எங்கள் ஊரில் கீழ அலங்கம், வடக்கு அலங்கம் என்று தெருக்களே இருக்கின்றன. அலங்கம் என்றால் கோட்டையின் கொத்தளச் சுற்று. ‘மண்ணலங்கம்’ என்று ஆளலாம். புறநானூற்று ‘அலங்குளைப் புரவி’யில் (பிடரி மயிர் அசையும் குதிரை) அலங்கு என்பது அசைதல், குண்டை வாங்கி அசைந்துகொடுக்கும் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எது?

மடல் 5 (திருச்சி)
ஒலி ஒத்தால் வேர் ஒன்றாகிவிடாது. பிடரி மயிர் அசைவதற்கும் மதிலுக்கும் என்ன உறவு? கோட்டைக்கு எயில், இஞ்சி, புரிசை என்று எத்தனையோ சொற்கள் உண்டு. ஆனால் இஞ்சி என்றால் இன்றைய பிள்ளைக்குச் சமையலறைதான் நினைவுக்கு வரும்.

மடல் 6 (கோவை)
நான் கட்டடப் பொறியாளன். பணியிடத்தில் எர்த்வொர்க் என்றால் ‘மண்வேலை’. அது கோட்டைக்கு ஆகாது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: மெக்அலிஸ்டரைப் போலவே சவான்னா நகரைக் காத்த புலாஸ்கி கோட்டை செங்கல் கோட்டை. 1862 ஏப்ரலில் புரிகுழல் பீரங்கிகள் (குழலின் உட்புறம் புரி வெட்டியவை) அதன் சுவரைப் பிளந்தன; சுமார் 30 மணி நேரத்தில் சரணடைந்தது. செங்கல் உடைகிறது, மண் விழுங்குகிறது. ‘மண்’ என்ற சொல்லை ஒளிக்காதீர்கள்.

மடல் 7 (தூத்துக்குடி)
‘மண்கோட்டை’ என்றால் ஏன் கூச்சம்? பாஞ்சாலங்குறிச்சியில் இருந்ததும் மண்கோட்டைதானே! 1801இல் ஊமைத்துரை அதை மீண்டும் எழுப்பி, கும்பினிப் படையை மே மாதம் வரை தடுத்து நிறுத்தினார். மக்கள் வாயில் வாழும் சொல்லை எடுத்துவிட்டு அகராதிச் சொல்லை நடாதீர்கள். பிள்ளைக்குச் சொல் புரிகிறது, வரலாறுதான் தெரியவில்லை. அதை அத்தியாயம் சொல்லட்டும்.

மடல் 8 (சென்னை)
அனைவருக்கும் நன்றி. தூத்துக்குடி அன்பர் ‘மண்கோட்டை’ என்கிறார், மதுரை அன்பர் ‘மண்ணரண்’, தஞ்சை அன்பர் ‘மண்ணலங்கம்’. தலைப்பில் ‘மண்கோட்டை’ என்றே வைக்கிறேன். முதல் பத்தியில் புலாஸ்கியின் செங்கல் சுவரை அருகில் நிறுத்துகிறேன். 1864 டிசம்பர் 13 அன்று வடமாநிலத் தளபதி ஷெர்மன் படையின் ஹேசன் பிரிவு நிலப்பக்கமாகப் பாய்ந்து, கால் மணி நேரத்தில் கோட்டையைப் பிடித்ததையும் சேர்க்கிறேன். கப்பலுக்கு அசையாத கோட்டை ஆள்பலத்துக்கு வீழ்ந்தது. காவலர்கள் சுமார் 230 பேர்தான்.

மடல் 9 (தஞ்சாவூர்)
தலைப்பு உங்கள் விருப்பம் அம்மா. உள்ளே மண்கரையை மட்டும் குறிக்கும் இடங்களில் ‘அலங்கம்’ என்று எழுதுங்கள். கோட்டை முழுமை, அலங்கம் அதன் உறுப்பு. இதில் நான் இன்னும் இறங்கி வரவில்லை.